ஞாயிறு மாலை நெஞ்சு கனக்கிறவர்களுக்கு: வாரத்தை ஆண்டவர் கையில் கொடுத்துத் தொடங்க ஒரு வழி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி ஆனால் போதும், பலருக்கு நெஞ்சில் ஒரு கனம் வந்து உட்கார்ந்துவிடும். காலையில் பூசை நன்றாகத்தான் இருந்திருக்கும், மத்தியானம் கோழிக் குழம்பு, அப்புறம் ஒரு தூக்கம், எல்லாம் சரிதான். ஆனால் வெயில் தாழ்ந்ததும் இஸ்திரி போடாத யூனிஃபார்ம், கட்டாத ஃபீஸ், திங்கட்கிழமை ஆபீசில் கேட்கப்போகிற கேள்வி, அம்மாவின் சுகர் மாத்திரை தீர்ந்துபோனது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து, ஏழு மணிக்குமேல் வீட்டில் யார் வாயைத் திறந்தாலும் சண்டையில் போய் முடியும். விசுவாசம் குறைந்தவர்களுக்குத்தான் இப்படி வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தினமும் செபமாலை சொல்கிற வீட்டுக்கும் இது வரும்.

இதற்கு நான் கடைப்பிடிக்கிற முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவள், கட்டிக்கொடுத்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆற்காடு லுத்தரன் குடும்பத்துக்கு. அதனால் இதில் இரண்டு வீட்டுப் பழக்கமும் கலந்திருக்கும். உங்கள் சபையில் பூசைக்குப் பதில் ஆராதனை என்றால் அப்படியே மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் நாள் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். ஆபீஸ் கணக்கில் ஞாயிறு வாரத்தின் கடைசி நாள், லீவு முடியப்போகிற நாள். திருச்சபையின் கணக்கில் அது முதல் நாள். நான்கு நற்செய்திகளுமே ஆண்டவர் உயிர்த்ததை ‘வாரத்தின் முதல் நாள்’ என்றுதான் சொல்கின்றன. நாம் சின்ன வயதில் ஒப்பித்ததும் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்ற வரிசைதானே. அதாவது ஞாயிறு என்பது போன வாரத்தின் களைப்பைத் தீர்க்க ஒதுக்கிய மிச்ச நேரம் இல்லை. வருகிற வாரம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அது வேலையில் தொடங்காமல் பலிபீடத்தில் தொடங்கியிருக்கிறது. ஆண்டவர் முதலில் தருகிறார், அப்புறம்தான் நாம் உழைக்கப் போகிறோம். இதை மனசு ஏற்றுக்கொண்டாலே திங்கட்கிழமையின் மேல் இருக்கிற பயத்தில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கநூலில் படைப்பின் ஒவ்வொரு நாளையும் ‘மாலையும் காலையும்’ என்றே எண்ணுகிறார்கள், மாலைதான் முதலில் வருகிறது. சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிற்றுக் கடனுக்கு, அதாவது ஞாயிறு பூசையில் பங்கெடுக்க வேண்டிய கடமைக்கு, செல்லும் என்று நம் கோயில்களில் சொல்வதும் இந்த வழியில் வந்ததுதான். ஆக, நம் வாரத் தயாரிப்பு தொடங்க வேண்டிய நேரம் ஞாயிறு ராத்திரி இல்லை, சனிக்கிழமை. ஞாயிறு ராத்திரியில் தொடங்குகிற தயாரிப்பு எல்லாம் பதற்றத்தில்தான் முடியும்.

விவிலியத்தில் வாரத் தயாரிப்புக்கு இதைவிடத் தெளிவான ஒரு பகுதி எனக்குத் தெரிந்து இல்லை: விடுதலைப்பயணம் 16-ஆம் அதிகாரம், பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்களுக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு பொழிந்த கதை. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கச் சொன்னார் ஆண்டவர், ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. நாளைக்கு வேண்டும் என்று எடுத்து வைத்தவர்களுக்கு அது புழு வைத்து நாறிப்போனது. ஆனால் ஆறாம் நாளில் மட்டும் இரண்டு மடங்கு பொறுக்கச் சொன்னார், அது மறுநாள் கெடவில்லை. சுடுவதைச் சுட்டு, வேகவைப்பதை வேகவைத்து, ஓய்வு நாளுக்கு எடுத்து வையுங்கள் என்று மோசே சொல்கிறார். சமையலறை வேலை வரைக்கும் யோசித்துச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்! இதிலிருந்து இரண்டு காரியத்தை எடுத்துக்கொள்கிறேன். ஓய்வு நாளுக்கு முன்னால் கை வேலையை முடித்துவிடுவது ஒன்று, வாரத்தின் கவலைகளை நாள் வாரியாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. மீதி எல்லாம் இந்த இரண்டையும் சுற்றித்தான்.

சனிக்கிழமை

சாயங்காலம் ஆறு மணிக்குள் முடிக்க வேண்டிய வேலைகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். அது வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் துணி துவைத்து இஸ்திரி போடுவது, இட்லிக்கு மாவு அரைப்பது, ஸ்கூட்டருக்கு பெட்ரோல், பெரியவர்களின் மாத்திரையை வாரத்துக்கு எண்ணி டப்பாவில் போடுவது, பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கவரில் போட்டுப் பெயர் எழுதிப் பையில் வைப்பது. கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சில்லறை தேடுவதைப் போல மனசைக் கலைக்கிற காரியம் வேறு இல்லை. சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள் பாதியை வெள்ளி ராத்திரிக்குத் தள்ளுங்கள், அப்போதும் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். இஸ்திரி இரண்டு நாளுக்குப் போதும், ஐந்து செட்டும் மடிப்புக் கலையாமல் தொங்க வேண்டும் என்று அவசியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்தால் பாவமா, சண்டே மார்க்கெட்டுக்குப் போனால் பாவமா என்று கேட்கிறவர்கள் உண்டு. திருச்சபை சொல்வது, வழிபாட்டையும் அந்த நாளின் மகிழ்ச்சியையும் உடம்புக்கும் மனசுக்கும் வேண்டிய ஓய்வையும் கெடுக்கிற வேலையைத் தவிர்க்க வேண்டும் என்பது. வீட்டில் நோயாளி இருந்தால், கைக்குழந்தை இருந்தால், வேறு வழியில்லாத வேலை என்றால், அது கணக்கில் வராது. கி.பி. 321-இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றை ஓய்வு நாளாக்கிச் சட்டம் போட்டபோதுகூட, விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தார். அதற்கு முந்தைய கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு சாதாரண வேலை நாள், விடியுமுன் கூடி ஜெபித்துவிட்டு வேலைக்குப் போனார்கள். ஆகவே லீவு இல்லாதவர்களுக்கு இந்த முறை பொருந்தாது என்று நினைக்க வேண்டாம், அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஆறு மணிக்கு மூவேளைச் செபத்தோடு (காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் சொல்கிற மாதா செபம்) ஞாயிற்றைத் தொடங்குங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் இருதய ஆண்டவர் படம் இருக்கும், அதன் கீழே சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். வாரம் முழுக்க எரிகிற விளக்கை நாம் பார்ப்பதே இல்லை. அதனால் சனிக்கிழமை காலையில் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, காய்ந்த பூவை எடுத்துவிட்டு, ஆறு மணிக்கு அதன் முன்னால் தனியாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். பிள்ளைகளிடம் ஏற்றச் சொன்னால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். ‘வேலை முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முடியாத வேலை இருந்தாலும் சொல்லுங்கள்.

அப்புறம் மறுநாள் பூசையில் வாசிக்கப்போகிற நற்செய்தியை வீட்டில் ஒருமுறை சத்தமாகப் படியுங்கள். எந்தப் பகுதி என்பது பங்கு காலண்டரிலேயே இருக்கும். ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுற்றில் வருகின்றன: ஒரு ஆண்டு மத்தேயு, அடுத்தது மாற்கு, அதற்கடுத்தது லூக்கா, யோவான் பெரும்பாலும் தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் வருவார். படித்ததில் உங்களுக்குப் பட்ட ஒரே ஒரு வரியை நோட்டில் எழுதுங்கள். விளக்கம் எழுத வேண்டாம், வரி மட்டும். மறுநாள் கோயிலில் அதே வரி காதில் விழும்போது, முந்தின நாளே அது உங்களுக்காகக் காத்திருந்த மாதிரி இருக்கும். பிரசங்கம் நீளமாகப் போனாலும் உங்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும்.

பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற, நினைக்கிறவர்கள் சனிக்கிழமையே போய்வருவது நல்லது. மனசில் ஒரு பாரத்தை வைத்துக்கொண்டு மேலே வாரத் திட்டம் போடுவதில் அர்த்தம் இல்லை.

ஞாயிறு காலை

பத்து நிமிஷம் முன்னால் போய்விடுங்கள். இதுதான் இந்த முறையிலேயே கஷ்டமானது என்று நினைக்கிறேன், பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஆனாலும் முயற்சி செய்யுங்கள். ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்கா ஆகட்டும், மிஷன் வீதி சம்பா கோயில் ஆகட்டும், நெல்லித்தோப்பு மாதா கோயில் ஆகட்டும், எது உங்கள் பங்கோ அங்கேயே போங்கள். வாரத்துக்கு ஒரு கோயிலாகச் சுற்றினால் முகங்கள் பழகாது. பெயர் சொல்லி விசாரிக்க நாலு பேர் இருப்பதும் வாரத்துக்கான தயாரிப்புதான். அந்தப் பத்து நிமிஷத்தில் புதிதாக எதுவும் ஜெபிக்க வேண்டாம். பசிலிக்காவில் என்றால் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் இருக்கிற புனிதர்களில் ஒருவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், மூச்சு தானாக நிதானப்படும்.

காணிக்கை நேரம் வரும்போது கவனமாக இருங்கள். அப்பமும் திராட்சை இரசமும் பீடத்துக்குப் போகும்போது நாம் பெரும்பாலும் பர்ஸில் ரூபாய் தேடிக்கொண்டிருப்போம். பணத்தை முன்னாலேயே கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் உங்கள் ஆறு வேலை நாளையும் அந்தத் தட்டில் வையுங்கள். மனசுக்குள் ‘திங்கள், செவ்வாய், புதன்’ என்று பெயர் சொல்லியே வைக்கலாம். இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, மனித உழைப்பின் பயனான அப்பம் என்று குருவானவர் அங்கே சொல்கிற வார்த்தைக்கு அர்த்தமே அதுதான்.

பூசை முடிந்ததும் மறைக்கல்விக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, கோயில் வளாகத்தில் யாராவது ஒரு முதியவரிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். அப்புறம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குங்கள். மத்தியானத்துக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்: குற்ற உணர்ச்சி இல்லாமல் தூங்குங்கள்.

ஞாயிறு நாலு மணி: நோட்டோடு உட்காருவது

இதுதான் நடு வேலை. கனம் வந்து உட்காருவதற்கு முன்னால் நாம் உட்கார்ந்துவிட வேண்டும், அதனால்தான் நாலு மணி. முக்கால் மணி நேரம் போதும். ஒரு சாதாரண நோட்டு, ஒரு பேனா, விவிலியம், காலண்டர். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிடுங்கள். காலண்டரே போனில்தான் இருக்கிறது என்றால், வாரத்தின் தேதிகளை முன்னாலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காரலாம், தப்பில்லை.

முதலில் பின்னால் பார்க்க வேண்டும். இயேசு சபையை நிறுவிய புனிதர் லொயோலா இஞ்ஞாசியார் தன் ஆன்மிகப் பயிற்சிகளில் தினமும் செய்யச் சொன்ன ஆன்ம சோதனையில் ஐந்து படி உண்டு: நன்றி சொல்வது, என்னைச் சரியாகப் பார்க்க அருள் கேட்பது, நேரம் நேரமாக நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, இனிமேல் திருத்திக்கொள்ள உறுதி எடுப்பது. இதை வாரத்துக்கு விரித்துக்கொள்ளலாம். போன திங்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நன்றி எழுதுங்கள், ஆனால் ‘நல்ல ஆரோக்கியத்துக்கு நன்றி’ என்று பொதுவாக எழுதாதீர்கள். ‘புதன்கிழமை மழையில் பக்கத்து வீட்டு அக்கா மாடித் துணியை எடுத்து வைத்தார்கள்’ என்று எழுதுங்கள். ஏழு நன்றி எழுத உட்கார்ந்தால் மூன்றாவதிலேயே ஞாபகம் நின்றுபோகும். அங்கேதான் நன்மை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தோண்டும்போது, கஷ்டத்தின் சத்தத்தில் நாம் கவனிக்காமல் விட்ட சின்னச் சின்ன உபகாரங்கள் வெளியே வரும். ‘என் உயிரே, அவருடைய நன்மைகளை மறவாதே’ என்று திருப்பாடல் 103 சொல்வது இந்த வேலையைத்தான்.

நன்றிக்கு அப்புறம்தான் தவறுகள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. தவறிலிருந்து தொடங்கினால் நம்மை நாமே அடித்துக்கொள்வதில்தான் முடியும். யாரிடம் கடுமையாகப் பேசினீர்களோ அவர் பெயரை எழுதி, இந்த வாரம் எந்த நாளில் அவரிடம் பேசப்போகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குமேல் அங்கே நிற்க வேண்டாம்.

இப்போது முன்னால். புதுப் பக்கத்தில் ஏழு கட்டம் போடுங்கள், ஞாயிற்றிலிருந்து சனி வரை. மனசில் சுற்றிக்கொண்டிருக்கிற கவலை அத்தனையையும், சிறிதோ பெரிதோ, எந்த நாளுக்கு உரியதோ அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். வியாழக்கிழமை அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது என்றால் அது வியாழக்கிழமைக் கட்டத்துக்குள் போய்விட வேண்டும். திங்கட்கிழமை காலையில் பல் துலக்கும்போது அது வந்து நின்றால், ‘உன் இடம் வியாழக்கிழமை’ என்று சொல்லி அனுப்பலாம். ‘அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்’ என்று மத்தேயு 6:34-இல் ஆண்டவர் சொன்னதைப் பலரும் ‘தொல்லையே இருக்காது’ என்கிற மாதிரி ஆறுதலாகப் பிரசங்கிக்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. தொல்லை உண்டு, ஆனால் அது அந்தந்த நாளின் அளவுக்குத்தான். ஏழு நாள் தொல்லையையும் ஒரே சாயங்காலத்தில் பொறுக்கி வீட்டில் சேர்த்து வைத்தால் அது மன்னாவைப் போல நாறத்தான் செய்யும்.

எந்த நாளிலும் சேராத கவலைகள் சில இருக்கும். மகளின் கல்யாணம், வீட்டுக் கடன், குடிக்கிற அண்ணன், விசா வராத தம்பி. இவற்றுக்கு இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை உண்டா என்று பாருங்கள். இருந்தால், உதாரணமாக பேங்குக்குப் போய் ஒரு தாள் வாங்க வேண்டும் என்றால், அதை ஒரு நாளில் எழுதுங்கள். இல்லையென்றால் பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, ‘ஆண்டவருக்கு’ என்று தலைப்பிட்டு, அங்கே எழுதுங்கள். ‘உங்கள் கவலைகளையெல்லாம் அவரிடம் விட்டுவிடுங்கள்’ என்று 1 பேதுரு 5:7 சொல்வதைச் செய்வதற்கு ஒரு இடம் வேண்டும் இல்லையா, அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதுதான் அந்த இடம். கோட்டுக்குக் கீழே போனதை அந்த வாரம் வேலைப் பட்டியலுக்கு மேலே கொண்டுவரக் கூடாது. ஜெபத்தில் மட்டும் தொடலாம். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், நீங்களும் கண்டிப்பாக இருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஆளின் பெயர். அன்றைக்கு நீங்கள் ஜெபிக்கப்போகிறவர், அல்லது போன் பண்ணப்போகிறவர். உங்கள் அன்பியத்தில் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு) உடம்பு முடியாமல் படுத்திருக்கிறவர்களில் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த ஜெபமும் அமைதி தராது.

கடைசியாக ஒவ்வொரு நாளுக்கும் ஒரு திருப்பாடல். நான் வைத்திருக்கிற வரிசை இது, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். திங்களுக்கு 121, பயணம் போகிறவர்களின் பாடல், வீட்டை விட்டுக் கிளம்புகிற நாளுக்குப் பொருத்தம். செவ்வாய்க்கு 27. புதனுக்கு 46, வாரத்தின் நடுவில் எல்லாம் ஆடும்போது ‘அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்’ என்ற வரி அதில்தான் இருக்கிறது. வியாழனுக்கு 62. வெள்ளிக்கு 51, திருச்சபையின் காலைச் செபத்தில் எல்லா வெள்ளியும் வருகிற மனவருத்தப் பாடல். சனிக்கு 131, மூன்றே வசனம்: தாயிடம் பால்குடி மறந்த பிள்ளை எப்படி அமைதியாக இருக்குமோ அப்படி என் உள்ளம் இருக்கிறது என்று சொல்கிற பாடல். பாலுக்காக அழுகிற பிள்ளை இல்லை, கேட்க எதுவும் இல்லாமல் சும்மா மடியில் இருக்கிற பிள்ளை. ஜெபம் என்றாலே கேட்பது என்று பழகிவிட்ட நமக்கு இது அவசியம் வேண்டும். ஞாயிறு ராத்திரிக்கு 91.

எழுதி முடித்ததும் நோட்டை மூடி, அதன்மேல் கையை வைத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லி எழுந்துவிடுங்கள். ‘எங்கள் அனுதின உணவை இன்று எங்களுக்குத் தாரும்’ என்ற இடத்தில் நிதானமாகச் சொல்லுங்கள். இன்று என்றுதான் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் மற்றவர்கள்

கணவரோ மனைவியோ இதற்கு உட்கார மாட்டார் என்றால் இழுக்காதீர்கள். நோட்டு வேலையை நீங்கள் தனியாகச் செய்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் ‘இந்த வாரம் உங்களுக்கு எந்த நாள் கஷ்டமான நாள்?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்வார். அந்த நாளின் கட்டத்தில் அவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அவருக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. பிள்ளைகளிடமும் இதே கேள்விதான். கணக்குப் பரீட்சை என்று ஒன்று சொல்லும், கூட உட்காருகிற பெண் பேசுவதில்லை என்று இன்னொன்று சொல்லும், இரண்டும் ஒரே எடை என்று நினைத்து எழுதுங்கள். ராத்திரி தூங்கப் போகும்போது பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போடுகிற வழக்கம் நம் பாட்டிகள் காலத்தில் இருந்தது. உங்கள் வீட்டில் விட்டுப்போயிருந்தால் ஞாயிறு ராத்திரியில் மட்டுமாவது திரும்பத் தொடங்குங்கள். பெரிய பையன்கள் நெளிவார்கள், ஆனால் நெற்றியைக் காட்டுவார்கள்.

அறை எடுத்துத் தனியாகத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு வீடும் படமும் விளக்கும் இருக்காது. நாலு மணி உட்காரலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். துமாஸ் வீதியில் இருக்கிற தேவதூதர்களின் அன்னை கோயிலுக்கு எதிரே, கடற்கரைச் சாலையைப் பார்த்தபடி ஜோன் ஆஃப் ஆர்க் சிலை நிற்கிற தோட்டம் இருக்கிறது, அந்தப் பக்கம் நோட்டோடு உட்காரலாம். ஞாயிறு சாயங்காலம் கடற்கரையில் வெளியூர்க் கூட்டம் நெரியும் என்பதால் அமைதி வேண்டும் என்றால் காலைப் பூசைக்கு அப்புறமே முடித்துவிடுவது உத்தமம். கொஞ்சம் தள்ளிப் போகத் தயார் என்றால் வில்லியனூர் லூர்து மாதா கோயில் குளக்கரை இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் பக்கம் இருக்கிறவர்களுக்கு வீரமாமுனிவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை கோயில்.

ராத்திரி

ஒன்பது மணிக்குமேல் ஆபீஸ் வாட்ஸ்ஆப் குரூப்பைத் திறக்காதீர்கள். அங்கே வந்திருப்பது திங்கட்கிழமைக் கட்டத்துக்கு உரியது.

மஞ்சக்குப்பத்தில் என் மாமியார் செய்வதைப் பார்த்துத்தான் ராத்திரி ஜெபம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்று தெரிந்துகொண்டேன். அவர்களுடைய பைபிளில் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்கள்தான் அடையாளத்துக்கு, விளிம்பு மஞ்சளாகிச் சங்கீதப் பக்கங்களில் (நாங்கள் திருப்பாடல் என்பதை அவர்கள் சங்கீதம் என்பார்கள்) அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒரு சங்கீதம் வாய்விட்டுப் படிப்பார்கள், பரமண்டல ஜெபம் சொல்வார்கள், ‘சரி, படுங்க’ என்று லைட்டை அணைத்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் யாரும் நாளையைப் பற்றிப் பேசக் கூடாது. மார்ட்டின் லுத்தர் 1529-இல் குடும்பங்களுக்காக எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் மாலை ஜெபத்தின் முடிவில், உடனே மகிழ்ச்சியோடு தூங்கப் போ என்று சொல்லியிருக்கிறார், அதைத்தான் அந்த வீட்டில் தலைமுறையாகச் செய்கிறார்கள். ஜெபித்த பிறகு விழித்துக்கொண்டு கணக்குப் போடுவது, கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்குச் சமம் என்பது மாமியாரின் கருத்து. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ‘அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்’ என்று சங்கீதம் 127 சொல்வதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள் அவர்கள்.

கத்தோலிக்கர்களுக்கு ஞாயிறு இரவுச் செபத்தில் திருப்பாடல் 91-ம், குழந்தை இயேசுவைக் கோயிலில் கையில் ஏந்திய முதியவர் சிமியோனின் பாடலும் வரும். இரண்டும் படிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. உன்னதரின் பாதுகாப்பில் வாழ்வதைப் பற்றிப் படித்துவிட்டு, ‘அமைதியுடன் போகச் செய்கிறீர்’ என்று சிமியோன் சொன்னதைச் சொல்லிவிட்டுப் படுங்கள். தூக்கம் வராவிட்டால் செபமாலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கு மகிமை மறை உண்மைகள், அதாவது ஆண்டவரின் உயிர்ப்பில் தொடங்கும் ஐந்து தியானங்கள். பாதியில் தூங்கிவிட்டால் தூங்கிவிடுங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திங்களும் அதற்குப் பிறகும்

காலையில் போனைத் தொடுவதற்கு முன் நோட்டைத் திறந்து திங்கட்கிழமைக் கட்டத்தை மட்டும் பாருங்கள். பக்கத்துக் கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் செய்து பாருங்கள். 121-ஐப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். மரப்பாலம் சந்திப்பிலோ அரியாங்குப்பத்திலோ வண்டி நகராமல் நிற்கும்போது ஹாரன் அடிப்பதற்குப் பதில் ‘இயேசுவே, என்மேல் இரக்கமாயிரும்’ என்று மூச்சோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கலாம், கிழக்கத்தியத் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த ஜெபம் அது. பஸ்ஸில் கடலூருக்குப் போய்வருகிறவர்களுக்கு ஒரு செபமாலை சொல்லி முடிக்க நேரம் தாராளமாக இருக்கும்.

புதன்கிழமை ராத்திரி ஐந்து நிமிஷம் நோட்டைத் திரும்பப் பாருங்கள். திட்டம் கண்டிப்பாகக் கலைந்திருக்கும். கலைந்ததை வெள்ளிக்கோ சனிக்கோ மாற்றி எழுதுங்கள், முடிந்ததை அடியுங்கள், கோட்டுக்குக் கீழே இருப்பதை மறுபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஞாயிறு கனம் வேறு, வாரம் முழுக்க விடாமல் இருக்கிற கலக்கம் வேறு. நெஞ்சு படபடப்பு, நாட்கணக்கில் தூக்கம் இல்லாமை, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, வாழ்ந்து என்ன என்கிற நினைப்பு, இவை இருந்தால் நோட்டும் திருப்பாடலும் மட்டும் போதும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஜிப்மரில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. இறைவாக்கினர் எலியா மனம் உடைந்து சாகக் கேட்டு சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, ஆண்டவரின் தூதர் அவருக்கு முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும், அதற்கு அப்புறம் இன்னொரு தூக்கம். உபதேசம் இல்லை.

ஷிஃப்டில் வேலை செய்கிறவர்கள், நர்சுகள், சிப்காட்டிலும் நெய்வேலியிலும் இரவுப் பணிக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைதான் அதிக வியாபாரம் என்கிற ஹோட்டல்காரர்கள்: உங்களுக்கு லீவு செவ்வாய்க்கிழமை என்றால், நோட்டு வேலையைச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு வையுங்கள். கட்டங்களை அன்றைக்கே தொடங்கி அடுத்த திங்கள் வரை போடுங்கள். கை வேலையை அதற்கு முந்தின நாள் முடிந்தவரை முடியுங்கள். பூசைக்கு மட்டும் நாளை மாற்ற முடியாது, சனி மாலைப் பூசையோ ஞாயிறு அதிகாலைப் பூசையோ உங்கள் டியூட்டிக்கு எது ஒத்துவரும் என்று பங்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாத வாரத்தில் டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன் அன்றைய நற்செய்தியை நின்றபடியே ஒருமுறை வாசித்து, ஒரு வரியைக் கையடக்கத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். டீ நேரத்தில் எடுத்துப் படிக்கலாம்.